நடுவில் நின்ற ஊசி

தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

உங்கள் பட்டறைகள் பக்கம் நான் இப்போதும் அடிக்கடி வருகிறேன். வேலை ஒன்றும் இல்லை, வீட்டில் உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். அப்படி வரும்போது ஒன்றைக் கவனித்தேன். சிலர் பழைய கார் ஒன்றை வாங்கி, வீட்டிலேயே அதன் சென்சார் வயரில் ஏதோ ஒரு சின்னச் சாமானைச் சேர்த்துவிட்டு, “மீட்டரெல்லாம் சரியாத்தான் காட்டுது, ஆனா வண்டி என்னமோ மாதிரி இருக்கு” என்று உங்கள் முன்னால் வந்து நிற்கிறார்கள். அவர்கள் போன பிறகு நீங்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், தப்பில்லை. சிரித்து முடித்த பிறகு இதைப் படியுங்கள்.

இது உங்கள் காலத்தில் வந்த வியாதி இல்லை. நான் பாலக்கரையில் கார் எலக்ட்ரீஷியனாகத் தொழில் பார்த்த காலத்தில் சென்சார் என்ற பேரே யாருக்கும் தெரியாது. எஞ்சின் சூட்டைச் சொல்ல ஒன்று, ஆயில் அழுத்தத்தைச் சொல்ல ஒன்று, டேங்கில் இருக்கும் பெட்ரோலைச் சொல்ல ஒன்று. வண்டிக்கு இருந்ததே அந்த மூன்று வாய்தான். அந்த மூன்றையும் பொய் சொல்லப் பழக்கிய மகான்கள் அன்றைக்கே திருச்சியில் இருந்தார்கள்.

ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதிப் பக்கம் ஒரு பெரியவர். அவருடைய காரை மைத்துனர் அடிக்கடி இரவல் வாங்கிப் போவார், டேங்கைக் காலி செய்து கொண்டுவந்து விடுவார். பெரியவர் ஒரு நாள் டேங்குக்குள் மிதக்கும் மிதவையின் கம்பியைத் தாமே வளைத்து, மீட்டர் எப்போதும் காலி என்றே காட்டும்படி செய்துவிட்டார். மைத்துனர் வண்டியை எடுத்ததும் பயந்து போய் முதல் வேலையாகப் பெட்ரோல் போடுவார். பெரியவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். கடைசியில் என்ன ஆயிற்று? பெண் பார்க்க வந்த சம்பந்தி வீட்டாரை ஏற்றிக்கொண்டு ஜங்ஷனுக்குக் கிளம்பியவர் காவேரிப் பாலத்தின் நடுவில் பெட்ரோல் இல்லாமல் நின்றார். நான் கேனைத் தூக்கிக்கொண்டு போனபோது அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. “ஊசி பொய் சொல்றதுன்னு நேக்குத் தெரியும். அதனால அதைப் பார்க்கறதையே விட்டுட்டேன். இன்னிக்கு அது நெஜத்தைச் சொல்லியிருக்கு, நான் கவனிக்கலை. பெருமாள் என்னை நன்னா சோதிச்சுட்டார்.” பாலத்தில் போன பஸ்காரர்கள் எல்லாம் ஹாரன் அடித்தார்கள். சம்பந்தி வீட்டார் இறங்கித் தள்ளினார்கள். கல்யாணம் நடந்தது, அதுவரை சரி.

அது சிரிக்கிற கதை. நான் சொல்ல வந்தது வேறு.

எண்பதுகளின் ஆரம்பம். எனக்கென்று தனிக் கடை கிடையாது. காதர் பாயின் ஷெட்டில் வாசலை ஒட்டி ஒரு மூலை எனக்கு. எஞ்சின் வேலை முழுக்க பாயுடையது, வயர் ஓடுகிற இடமெல்லாம் என்னுடையது. அவர் கிரீஸ் கையோடு தொட்ட எதையும் நான் தொட மாட்டேன், நான் பிரித்துப் போட்ட வயர் பக்கம் அவர் வர மாட்டார். இந்த ஒரு ஏற்பாட்டால்தான் நாங்கள் வருஷக்கணக்காகச் சண்டை போட்டுக்கொண்டும் ஒன்றாக இருந்தோம்.

ஒரு சித்திரை வெயிலில் லாரியின் பின்னால் கயிறு கட்டி ஒரு பழைய காரை இழுத்துக்கொண்டு வந்தார்கள். மேலப்புதூர் ஜோசப் சாருடைய வண்டி. அவர் ஒரு பெரிய தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். அமைதியான மனிதர், வீட்டில் ரேடியோவைப் பிரித்துப் பூட்டுவதுதான் பொழுதுபோக்கு. ஆனால் அன்றைக்கு வழியில் வண்டி நின்றபோது ஓட்டிக்கொண்டிருந்தது அவர் இல்லை, அவர் மனைவி ஸ்டெல்லா டீச்சர்.

டீச்சர் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டதற்குக் காரணம் அவருடைய அப்பா. அவர் மணப்பாறையில் இருந்தார். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. வாராவாரம் திருச்சிக்குக் கொண்டுவந்து கைக்கும் காலுக்கும் பயிற்சி கொடுத்தால் தேறும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவரை பஸ்ஸில் தூக்கி ஏற்ற முடியாது. அண்ணன் தம்பிகளுக்கு நேரம் இல்லை, ஜோசப் சாருக்கு ஷிப்ட் ஒத்து வராது. பார்த்தார் டீச்சர். தாமே போய் டிரைவிங் கற்றுக்கொண்டு, லைசென்ஸும் வாங்கி, சனிக்கிழமை காலையில் மணப்பாறைக்குப் போய் அப்பாவை ஏற்றிக்கொண்டு வர ஆரம்பித்துவிட்டார். அந்தக் காலத்தில் திண்டுக்கல் ரோட்டில் ஒரு பெண் கார் ஓட்டிப் போனால், சைக்கிளில் போகிறவன் இறங்கி நின்று பார்ப்பான். இரண்டு மாதத்தில் அப்பாவின் விரல்கள் டம்ளரைச் சுற்றி மடங்க ஆரம்பித்திருந்தன.

அன்றைக்கு அப்பாவை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது பாதி வழியில் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. மர நிழல்கூட இல்லாத பொட்டல். அசைய முடியாத மனிதரை வெந்துபோன காருக்குள் வைத்துக்கொண்டு, டீச்சர் முந்தானையால் விசிறியபடி உதவிக்குக் காத்திருந்திருக்கிறார். ஒரு வேன்காரர் நிறுத்தி, தூக்கி ஏற்றி, திருச்சி கொண்டுவந்து சேர்த்தார். பெரியவருக்கு மயக்கம் வந்து, குளுக்கோஸ் ஏற்றி, பிழைத்துக்கொண்டார்.

பாய் எஞ்சினைத் திறந்தார். ரேடியேட்டருக்கு அடியில் இருக்கும் தண்ணீர் ஹோஸ் பிளந்து, தண்ணீர் ஒரு சொட்டு இல்லை. கேஸ்கெட் கருகியிருந்தது, ஹெட் வளைந்துவிட்டது, பிஸ்டனில் கோடு கோடாகக் கீறல். பாய் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“ஹோஸு வெடிக்கிறது சகஜம் தம்பி. ஆனா ஊசி சிவப்புக்குப் போயிருக்கும்ல? பார்த்து நிறுத்தியிருந்தா ஒரு ஹோஸோட போயிருக்கும். ஓட்டுனவங்க பார்க்கல.”

இதையேதான் எல்லாரும் சொன்னார்கள். டீச்சரின் அண்ணன் ஷெட்டுக்கே வந்து, தங்கையை வைத்துக்கொண்டே, “பொம்பளைக்கு எதுக்கு ஸ்டியரிங்கு? அப்பாவைக் கொல்லப் பார்த்தியே” என்று கத்திவிட்டுப் போனார். இத்தனை நாள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வர நேரம் இல்லாத ஆளுக்குக் கத்த மட்டும் நேரம் இருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஸ்பேனரை அவர் காலில் போட்டிருப்பேன்.

அண்ணன் போன பிறகு நான் டீச்சரிடம் கேட்டேன். “டீச்சர், சூடு காட்டுற ஊசி எங்க இருந்துச்சு?”

“நடுவுக்குக் கொஞ்சம் கீழ தம்பி. நான் பார்த்துக்கிட்டேதான் வந்தேன். அப்பாகூட ஏதோ வாடை வருதும்மான்னாரு. உடனே பார்த்தேன். நடுவுலதான் நின்னுச்சு. அதனாலதான் நிறுத்தல.” பிறகு, “யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க” என்றார்.

நான் நம்பினேன். காரணம் கேட்டால், இத்தனை வருஷத்தில் தப்பை மறைக்கிற டிரைவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்தாயிற்று. அவர்கள் “கவனிக்கலீங்க” என்பார்கள், அல்லது “திடீர்னு ஏறிடுச்சு” என்பார்கள். தனக்கு எதிராகவே போகிற ஒரு பதிலை யாரும் இவ்வளவு தெளிவாகச் சொல்ல மாட்டார்கள். பிள்ளைகளே, மீட்டரை வைத்துப் பார்க்கும் முன்னால் ஓட்டினவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள். வண்டிக்குள் உட்கார்ந்திருந்தவர் அவர்தான். நீங்கள் இல்லை.

மறுநாள் காலை, எஞ்சினில் சூட்டை உணர்கிற அந்தச் சின்னப் பித்தளைக் குமிழைக் கழற்றி, வயரோடு நீளமாக வெளியே இழுத்து, குமிழின் உடம்பிலிருந்து வண்டிக்கு ஒரு எர்த் வயரும் கொடுத்தேன். பக்கத்து டீக்கடையில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வாங்கி வந்து ஸ்டவ்வில் வைத்து, குமிழை அதில் தொங்கவிட்டேன். தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது. ஊசி எழுந்து, நடுவுக்குக் கொஞ்சம் கீழே வந்து, அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. பாயைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கொதிக்கிற தண்ணீரையும் ஊசியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“மீட்டரு கெட்டுப் போச்சா?”

மீட்டர் கெடவில்லை. டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தேன். வயரின் நடுவில் ஒரு ரெசிஸ்டர். ரேடியோவில் போடுவார்களே, அரிசியைவிடக் கொஞ்சம் பெரிதாக, வண்ணக் கோடு போட்டது. சால்டரிங் அவ்வளவு அழகு. மேலே துணி உறை போட்டு, நூலால் சுற்றி, வெளியே தெரியாமல் மற்ற வயர்களோடு சேர்த்துக் கட்டியிருந்தது. வயரில் அது உட்கார்ந்துகொண்டால் மீட்டருக்குப் போகிற கரண்ட் குறையும், எஞ்சின் எவ்வளவு கொதித்தாலும் ஊசி பாதிக்கு மேல் எழாது. திருச்சியில் கார் எலக்ட்ரீஷியன் எவனும் இவ்வளவு பொறுமையாக வேலை செய்ய மாட்டான். யார் செய்தது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

அன்று சாயங்காலம் ஷிப்ட் முடிந்து ஜோசப் சார் வந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. டாஷ்போர்டுக்கு அடியில் வயர்கள் தொங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்ததுமே அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

“அவளுக்காகத்தான் பண்ணினேன் தம்பி” என்றார். “ஆரம்பத்துல ஊசி கொஞ்சம் ஏறினாலே பயந்துருவா. உடனே வண்டியை ஓரங்கட்டி, ஆஃப் பண்ணிட்டு, இறங்கி நிப்பா. வெயில்ல நடுரோட்டுல நிப்பா. பார்த்தவங்க எல்லாம் வந்து வந்து என்கிட்ட சொல்லுவாங்க. உங்க வீட்டம்மா அங்க நிக்கிறாங்க, இங்க நிக்கிறாங்கன்னு. ராத்திரி தூங்க மாட்டா. இப்படியே போனா ஓட்டுறதையே விட்டுருவாளோன்னு பயம் எனக்கு. ஒரு ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்து இதை வச்சேன். அடுத்த வாரத்துலேர்ந்து எங்கேயும் நிக்காம போயிட்டு வந்தா. எவ்வளவு சந்தோஷமா வந்தா தெரியுமா? நான் கெலிச்சிட்டேன்னு சொன்னா.”

“தண்ணி?”

“தினம் காலையில நானே பார்த்து ஊத்துவேன். அன்னிக்கும் ஊத்தினேன். மாதா சத்தியமா ஊத்தினேன். ஹோஸு போகும்னு நினைக்கல.”

அந்த மனிதர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருக்க வேண்டும், வரவில்லை. தினமும் காலையில் மனைவி எழுந்திருக்கும் முன்னால் போய் பானெட்டைத் திறந்து தண்ணீர் பார்க்கிறவரை என்ன சொல்வது? ஊசியைப் பொய் சொல்ல வைத்தார், அந்தப் பொய்க்குத் தாமே காவலும் இருந்தார். ரோட்டில் மட்டும் அவரால் கூட இருக்க முடியவில்லை.

“அவகிட்ட சொல்லிராதீங்க” என்றார். “ஹோஸு வெடிச்சுச்சு, யாரு என்ன பண்ண முடியும்னு சொல்லிருவோம். அவளும் சமாதானம் ஆயிருவா.”

“ஆக மாட்டாங்க சார். ஹோஸு வெடிச்சா ஊசி ஏறியிருக்கணும்னு ஊரே அவங்ககிட்ட சொல்லிக்கிட்டிருக்கு.”

பாய் என்னைத் தனியே கூப்பிட்டார்.

“நமக்கெதுக்கு தம்பி? அவரு நிய்யத்து, மனசுல இருந்த எண்ணம், நல்லது. அதைப் பிடுங்கிப் போட்டுட்டு நேரா வயரை மாட்டி விடு. புருஷன் பொண்டாட்டி விஷயத்துல பட்டறைக்காரன் வாயை வைக்கக் கூடாது.”

பாய் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஷெட்டில் நாங்கள் பார்க்காத ரகசியமா? சீட்டுக்கு அடியில் என்னென்னவோ கிடைக்கும். எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, பார்க்காத மாதிரி இருப்போம். அப்படி இருந்தால்தான் வண்டிகள் வரும். ஆனால் சீட்டுக்கு அடியில் கிடப்பதற்கும், வயருக்கு நடுவில் இருப்பதற்கும் வித்தியாசம் உண்டு. இரண்டாவது நம்முடைய வேலை. அதைப் பற்றி யாராவது கேட்டால் நாம் பதில் சொல்லியாக வேண்டும்.

நான் ஜோசப் சாரிடம் சொன்னேன். “சார், நான் போய்ச் சொல்ல மாட்டேன். சொல்ல வேண்டியது நீங்க. மெட்ராஸ்லேர்ந்து பிஸ்டன் வரணும், ஹெட்டு லேத்துக்குப் போகணும். வண்டி முடியறதுக்குள்ள சொல்லிடுங்க. ஆனா அவங்களா வந்து என்கிட்ட கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன்.”

தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு வேலை எப்படிப் போகிறது என்று பார்க்க வருகிற சாக்கில் அடிக்கடி வருவார். நான் முகத்தைப் பார்ப்பேன். “இன்னிக்கு அவளுக்குத் தலைவலி”, “நாளைக்கு அவங்க அண்ணன் வராரு, அது முடியட்டும்” என்று ஏதாவது ஒன்று. பரீட்சைக்குப் படிக்காத பையன் காரணம் சொல்கிற மாதிரியே இருக்கும்.

இதற்கிடையில் அங்கே வேறு காரியங்கள் நடந்துகொண்டிருந்தன. அண்ணன்காரர் ஒரே ஒரு தடவை டாக்ஸி வைத்து அப்பாவைக் கூட்டி வந்தார். அதோடு சரி. மடங்க ஆரம்பித்த விரல்கள் மறுபடி விறைக்கத் தொடங்கிவிட்டதாக ஜோசப் சாரே சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒரு நாள் ஸ்கூல் விட்டதும் டீச்சர் தனியாக ஷெட்டுக்கு வந்தார். தோளில் பை, கையில் குடை. பிரித்துப் போட்டிருந்த எஞ்சினை எட்டி நின்றே பார்த்தார்.

“தம்பி, வண்டியை வித்துரலாம்னு சொல்லிட்டேன். உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராச்சும் கேட்டா சொல்லுங்க.”

“ஏன் டீச்சர்?”

“நான் இனிமே ஓட்ட மாட்டேன். ஓட்ட ஆளில்லாம வண்டி எதுக்கு?” பிறகு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார். “நான் கண் டாக்டர்கிட்ட போய்ட்டு வந்தேன். கண்ணுல ஒண்ணும் இல்லைங்கிறாரு. அப்புறம் எப்படி தம்பி? நடுவுல நின்னதைப் பார்த்தேனே. பார்த்த மாதிரி நானா நினைச்சுக்கிட்டேனா? பயப்படக் கூடாது, பயப்படக் கூடாதுன்னே ஓட்டி ஓட்டி, கண்ணுக்கு முன்னாடி இருக்கறதே எனக்குத் தெரியாமப் போயிருச்சா? அப்படின்னா நாளைக்கு வகுப்புல பிள்ளைங்களை வச்சுக்கிட்டு என்ன பண்ணுவேன்?”

என் வாழ்க்கையில் ஷெட்டில் எத்தனையோ தடவை நெருக்கடியில் நின்றிருக்கிறேன். பேட்டரி வெடித்திருக்கிறது, வயர் பற்றி எரிந்திருக்கிறது. அப்போதெல்லாம் கை தானாக ஓடும். அந்தச் சாயங்காலம் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ரெசிஸ்டர் என் மேஜை டிராயரில் இருக்கிறது. எடுத்துக் கொடுத்தால் ஒரு நிமிஷத்தில் இந்த அம்மாளின் வேதனை தீரும். ஆனால் புருஷன் செய்ததைப் பட்டறைக்காரன் வாயால் கேட்டுவிட்டு, இந்தக் குடையைப் பிடித்துக்கொண்டு தனியாக மேலப்புதூர் வரை நடந்து போவார். அங்கே ஜோசப் சார் உட்கார்ந்திருப்பார். அந்த வீட்டில் அன்றைக்கு என்ன நடக்கும் என்று யோசித்தேன். இன்னும் ஒரு வாய்ப்பு அவருக்குக் கொடுக்கலாம் என்று தோன்றியது. அது சரியா என்று இன்றைக்கும் என்னைக் கேட்டால், சரி என்றுதான் சொல்வேன்.

“டீச்சர், உங்க கண்ணு மேல எனக்குச் சந்தேகம் இல்ல. அன்னிக்கே இல்ல, இப்பவும் இல்ல. வண்டி முடியற அன்னிக்கு நீங்களும் சாரும் சேர்ந்து வாங்க. அதுவரைக்கும் விக்கிற பேச்சை எடுக்காதீங்க. இது ஒண்ணு மட்டும் எனக்காகப் பண்ணுங்க.”

என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். ஜோசப் சார் அடுத்து வந்தபோது, கண் டாக்டரிடம் டீச்சர் போய் வந்ததைச் சொன்னேன். அவருக்கு அது தெரியாது. கையில் இருந்த டீ கிளாஸைக் குடிக்காமலே கீழே வைத்துவிட்டுக் கிளம்பிப் போனார்.

வண்டி முடிந்தது. இப்போது பாயுடைய ஷெட்டின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வண்டியிலிருந்து கழற்றிப் புதிது போட்ட பழைய சாமான் எதையும் பாய் தூக்கிப் போட மாட்டார். வண்டி எடுக்க வருகிற அன்று வாசலில் ஒரு கோணியை விரித்து, எல்லாவற்றையும் துடைத்து வரிசையாக வைத்து, “இது இன்ன சாமான், இதுக்கு இன்னது ஆச்சு, இதை மாத்தியிருக்கு” என்று ஒவ்வொன்றாகச் சொல்லி ஒப்படைத்த பிறகுதான் சாவியைக் கொடுப்பார். ஏமாற்றவில்லை என்று காட்டுவதற்காக ஏற்பட்ட பழக்கம்.

அன்று காலை கோணி விரித்தாயிற்று. பிளந்த ஹோஸ், கருகிய கேஸ்கெட், கீறல் விழுந்த பிஸ்டன்கள். நான் டிராயரைத் திறந்து ரெசிஸ்டரை எடுத்து வரிசையின் கடைசியில் வைத்தேன். பாய் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

“இது நாம மாத்துன சாமான் இல்லியே.”

“வண்டியிலேர்ந்து கழட்டினதெல்லாம் வண்டிக்காரங்களுக்குன்னு நீங்கதானே பாய் சொல்லுவீங்க.”

“வண்டி அவரு பேருல இருக்கு. அவருக்குத் தெரிஞ்ச சாமான்தானே அது?”

“வெயில்ல நின்னது அவங்க.”

பாய் கொஞ்ச நேரம் என்னை முறைத்தார். பிறகு குனிந்து, மற்ற சாமான்களுக்கு இருக்கிற அதே இடைவெளி விட்டு, அதை நேராக நகர்த்தி வைத்தார். அவர் சம்மதம் தெரிவிக்கிற விதம் அதுதான்.

இரண்டு பேரும் வந்தார்கள். வந்த விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, மனிதர் இன்னும் சொல்லவில்லை. டீச்சர் வண்டியின் பக்கம்கூடப் போகாமல் வாசலிலேயே நின்றார். வழக்கப்படி பாய் கோணிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். எப்போதும் ஆண்பிள்ளையைப் பார்த்துத்தான் விவரம் சொல்வார். அன்றைக்கு, “டீச்சரம்மா, இப்படி வாங்க, பார்த்துக்குங்க” என்றார். அதற்காக அந்த மனிதரை நான் இன்றைக்கும் கும்பிடுவேன்.

டீச்சர் வந்து குனிந்து பார்த்தார். பாய் ஹோஸைக் கையில் எடுத்துப் பிளவைக் காட்டினார். கேஸ்கெட்டைக் காட்டினார். பிஸ்டனில் இருந்த கீறலை டீச்சர் விரலால் தடவிப் பார்த்தார், கண் கலங்கிற்று. எல்லாம் தன்னால் ஆனது என்ற எண்ணம். கடைசிச் சாமானிடம் வந்ததும் பாய் நிறுத்திவிட்டார்.

“இது என்னது?” என்று டீச்சர் கேட்டார்.

பாய் என்னைப் பார்த்தார். நான் ஜோசப் சாரைப் பார்த்தேன். அவருடைய நெற்றி முழுக்க வியர்வை. ரோட்டில் ஒரு பஸ் போய், அந்தச் சத்தம் அடங்கிற்று. நான் வாயைத் திறந்துவிட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள், அந்த நேரத்தில் அவர் பேசினார்.

“அது நான் வச்சது ஸ்டெல்லா.”

டீச்சர் நிமிர்ந்தார்.

“ஊசி ஏறாம இருக்கறதுக்கு வச்சேன். நீ பயப்படறியேன்னு. எஞ்சின் எவ்வளவு சூடானாலும் அது நடுவுலதான் நிக்கும். அன்னிக்கும் நடுவுலதான் நின்னிருக்கும். நீ சொன்னது நெசம். இத்தனை நாளா எனக்குத் தெரியும். சொல்ல வாய் வரல.”

அழுவார், அல்லது கத்துவார் என்று நான் நினைத்தேன். டீச்சர் அந்த ரெசிஸ்டரை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“அப்போ நான் பார்த்தது சரிதானே தம்பி?”

“சரிதான் டீச்சர். கொதிக்கிற தண்ணியில வச்சுப் பார்த்தேன். நீங்க சொன்ன இடத்துலேயேதான் நின்னுச்சு.”

அவர் ஒரு நீண்ட மூச்சு விட்டார். அதற்குப் பிறகுதான் புருஷனைப் பார்த்தார்.

“நான் பயந்தேன்தான். பயந்தா என்ன பண்ணுவேன்? வண்டியை நிறுத்துவேன். இறங்கி நிப்பேன். நின்னுட்டுப் போறேனே, அதுல யாருக்கு என்ன கஷ்டம்? நாலு பேரு வந்து சொன்னா, ஆமா நிக்கிறான்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே? அன்னிக்கு நான் பயந்திருந்தா முன்னாடியே நிழல் பார்த்து நிறுத்தியிருப்பேன், அப்பா அந்த வெயில்ல கிடந்திருக்க மாட்டாருங்க.”

டீச்சர் சொன்ன இந்த ஒரு வார்த்தையைத்தான் பிள்ளைகளே, நான் தொழிலில் கற்றதிலேயே பெரிதாக நினைக்கிறேன். ஊசி ஏறினால் ஓட்டுகிறவருக்குப் பயம் வர வேண்டும். அதற்காகத்தான் அதை வைத்திருக்கிறது. பயத்தைக் குறைக்கிறேன் என்று யார் வந்து கேட்டாலும், எவ்வளவு அன்பாகக் கேட்டாலும், வயரில் கை வைக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேசச் சொல்லுங்கள்.

டீச்சர் பாயிடம் கையை நீட்டினார். “சாவி.”

பாய் சாவியைக் கொடுத்தார். “புது பிஸ்டனும்மா. கொஞ்ச நாளைக்கு மெதுவாப் போங்க, மிதிக்காதீங்க. ஊசி இப்ப முன்னைவிட மேல ஏறும். அதுதான் அதோட சரியான இடம். இதுக்கு மேல போனா நிறுத்திடுங்க.” மீட்டர் கண்ணாடியில் எந்த இடம் என்று விரலால் தொட்டுக் காட்டினார்.

டீச்சர் ஏறி உட்கார்ந்தார். கண்ணாடியைச் சரி செய்தார். குடையைப் பக்கத்து சீட்டில் வைத்தார். ஜோசப் சார் சுற்றிக்கொண்டு போய் அந்தப் பக்கக் கதவின் கைப்பிடியைத் தொட்டார். டீச்சர் குனிந்து, உள்ளே இருந்தபடியே அந்தக் கதவைப் பூட்டினார். “நான் மணப்பாறை போறேன். அப்பாவைப் பார்த்துட்டு வரேன்” என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. ஸ்டார்ட் செய்து, ஒரு நிமிஷம் ஊசியைப் பார்த்துவிட்டு, ரோட்டில் இரண்டு பக்கமும் பார்த்து, வண்டியை இறக்கிக்கொண்டு போய்விட்டார்.

ஜோசப் சார் நடுவாசலில், கதவைத் தொட்ட கை அப்படியே இருக்க, வண்டி திரும்புகிற வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம் வந்தார்.

“ரொம்பக் கோவமாப் போறா, இல்ல?”

“கோவமாத்தான் போறாங்க சார்” என்றேன். “ஆனா ஓட்டிக்கிட்டுப் போறாங்களே.”

அவர் என்னைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் நிற்க, வாய் சிரித்தது. மணப்பாறை பஸ் எந்த ஸ்டாப்பில் நிற்கும் என்று பாயிடம் கேட்டுக்கொண்டு, வேகவேகமாக ரோட்டைக் கடந்து போனார்.